திங்கள் பறந்து வெள்ளி திரும்பும் பட்டு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஒரு காலத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறினார்கள். இன்று ஹைதராபாத் போகிறவர் காலை ஆறு மணி விமானத்தில் ஏறி, பத்து மணிக்குள் கடை வாசலில் நிற்கிறார். செவ்வாய் மும்பை, புதன் கொல்கத்தா என்று வாரம் ஓடிவிடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு காஞ்சியில் குடியிருப்பவர்களுக்கும் இதே ஓட்டம்தான். ஆனால் முக்கால் கிலோ புடவை இருபதைத் தூக்கிக்கொண்டு அலையும் பாடு அவர்களுக்கு இல்லை. இந்தக் குறிப்புகள் பயணம் போகிறவருக்கு எவ்வளவோ, அதே அளவுக்கு வீட்டில் இருப்பவருக்கும்தான். வாரம் ஒழுங்காக நடப்பதும் நடக்காததும் ஞாயிறு சாயங்காலம் நம் கூடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

1. வீட்டில் ஒரு கொக்கித் தராசு கட்டாயம் வேண்டும். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும்தான். நல்ல சக்கரப் பெட்டி வெறும் பெட்டியாகவே மூன்று கிலோ இருக்கும். மீதி 12 கிலோவில், முக்கால் கிலோ சராசரி வைத்தால் பதினாறு புடவை. கனத்த ஜரிகை முகூர்த்தப் புடவை ஒரு கிலோவைத் தொடும் என்பதால் எண்ணிக்கையை நம்பாமல் எடையை நம்புங்கள். மாற்றுத்துணி இரண்டு செட்டுக்கு மேல் வேண்டாம். போகிற ஊரில் சலவைக்குப் போட்டால் ஆகிற செலவு, கூடுதல் கிலோவுக்கு விமான கம்பெனி வாங்குவதைவிடக் குறைவுதான்.

2. விலை கூடிய புடவை கைப்பையில்தான் போக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தால் விமான கம்பெனி தரவேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். ஒரே ஒரு கோர்வைப் புடவையின் விலைக்கே அது காணாது.

அடுக்கும் முறை: பழைய வெள்ளை வேட்டியையோ மல் துணியையோ கஞ்சி போகத் துவைத்து நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். ஜரிகைப் பக்கம் உள்ளே போகிற மாதிரி புடவையை மடித்து, முந்தானை மடிப்புக்கு நடுவில் இன்னொரு துணியைக் கொடுங்கள். ஜரிகையோடு ஜரிகை உராயக்கூடாது. சிவப்புப் பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்கும் மேலே தங்க முலாம் கொடுத்ததுதான் நல்ல ஜரிகை. உராய்ந்தால் முதலில் போவது மேலே இருக்கும் முலாம். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிக் கறுக்கும். நாப்தலின் உருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது. சென்ட் பாட்டிலும் அப்படித்தான்.

மேலாக இருக்கும் இரண்டு புடவைகளைத் தனித்தனித் துணிப்பையில் போட்டு நாடா கட்டி வையுங்கள். ஸ்கேனரில் கனத்த ஜரிகை இருட்டாகத் தெரிந்து, திறந்து காட்டச் சொன்னால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டலாம். மொத்த அடுக்கும் கலையாது.

3. நூல் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல், ஊசி, குண்டூசி எல்லாம் செக்-இன் பெட்டியில். பவர் பேங்க் மட்டும் தலைகீழ்: அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் இருந்தால் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள், போர்டிங் நேரத்தில்.

4. காகிதம். மாதிரி காட்டக் கொண்டுபோகும் சரக்கானாலும் அது சரக்குதான். விற்றால் உண்டு, இல்லையென்றால் திரும்பி வரும் என்கிற புடவைகளுக்கு பில் போடாமல் டெலிவரி சலான் போட்டுக் கொண்டுபோகலாம். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி மாநிலம் கடந்தால் இ-வே பில்லும் வேண்டும். சலானில் போன புடவையைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்ட உடனே பில் போட வேண்டும். பதிலே சொல்லாமல் இழுத்தடித்தாலும், நம் கையைவிட்டுப் போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பில் போட்டாக வேண்டும். பல வீடுகளில் இந்த ஆறு மாதக் கணக்கைத்தான் கோட்டை விடுகிறார்கள். நாள் காட்டியில் அந்தத் தேதியில் கடைப் பெயரை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

சலானில் மூன்று படி எடுத்தால் ஒன்று வீட்டில் இருக்கட்டும். சனிக்கிழமை பெட்டியைப் பிரிக்கும்போது அதுதான் கணக்கு.

5. நூல் அட்டை. வியாபாரிக்கு இதைவிட உபயோகமான பொருள் என்னைப் பொறுத்தவரை இல்லை. கடைக்காரர் மும்பையில் உட்கார்ந்துகொண்டு "இதே டிசைன், உடல் மட்டும் கொஞ்சம் கருநீலமா" என்பார். அதை போனில் படம் எடுத்து அனுப்பினால், அவர் போனில் ஒரு நிறம், சாயக்காரர் போனில் ஒரு நிறம், நெசவாளர் போனில் மூன்றாவது நிறம். பெயர் சொன்னாலும் இதே குழப்பம்தான். எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் காஞ்சிபுரத்தில் பிறந்த எம்.எஸ். நீலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரிடம் கேட்டால் ஐந்து நீலம் காட்டுவார்கள். அரக்கு, மயில் கழுத்து கதையும் இதேதான்.

அதனால், சாயம் போட்டு வந்த ஒவ்வொரு லாட்டிலிருந்தும் விரல் நீள நூல் கற்றை இரண்டு எடுத்து, கெட்டி அட்டையில் துளை போட்டு முடிந்து, பக்கத்தில் எண் எழுதுங்கள். ஒரே மாதிரி இரண்டு அட்டை: ஒன்று பயணப் பையில், ஒன்று வீட்டில். கடைக்காரர் அட்டையில் தொட்டுக் காட்டினால் வீட்டுக்கு "உடல் 34, பார்டர் 12" என்று மட்டும் குறுஞ்செய்தி வந்தால் போதும். அட்டையை வெயில் படாமல் வையுங்கள். நூல் வெளுத்துவிட்டால் எண்ணும் பொய் சொல்ல ஆரம்பிக்கும்.

6. ஹோட்டல் அறையில் புடவை காட்டும்போது குழல் விளக்கையும் மஞ்சள் விளக்கையும் அணைத்துவிட்டு ஜன்னல் திரையை விலக்கச் சொல்லுங்கள். கட்டிலில் ஹோட்டல் விரிப்பின்மேல் புடவையைப் பரப்பாமல், வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு கொண்டுபோவது நல்லது. வெள்ளைமேல்தான் பட்டின் நிறம் சரியாக நிற்கும்.

7. காஞ்சிபுரத்திலிருந்து சென்னையின் திரிசூலம் விமான நிலையம் ஏறக்குறைய 60, 65 கிலோமீட்டர். வழி இரண்டு. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக நெடுஞ்சாலை ஒன்று. வாலாஜாபாத், ஒரகடம், படப்பை, தாம்பரம் வழி இன்னொன்று. அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பினால் எந்த வழியானாலும் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கலாம். காலை ஏழுக்கு மேல் கம்பெனி பஸ்கள் இரண்டு வழியையும் அடைத்துக்கொள்ளும். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி போடும் கவுன்ட்டரைப் பெரும்பாலும் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். வெப் செக்-இன் செய்திருந்தாலும் பெட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

உள்நாட்டு விமானங்களும் இப்போது இரண்டு முனையங்களில் பிரிந்து கிளம்புகின்றன. எந்த முனையம் என்று முதல்நாளே பார்த்து டிரைவருக்குச் சொல்லிவிடுங்கள். வாசலில் போய்த் தேடினால் கால் மணி நேரம் கரைந்துவிடும்.

கைப்பை மட்டும்தான், நேரமும் பகல்தான் என்றால் ரயிலை மறக்காதீர்கள். செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரை போகும் மின்சார ரயில்கள் நம் ஊரிலிருந்தே உண்டு. திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். வண்டிகள் குறைவு, அதனால் நேரம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

8. பெங்களூருக்குப் பறக்காதீர்கள். நாம் இருப்பதே பெங்களூர் சாலையில். விமானம் ஏற வேண்டுமென்றால் எதிர்த் திசையில் திரிசூலத்துக்கு இரண்டு மணி நேரம், அங்கே ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு, ஒரு மணி நேரப் பறத்தல், பிறகு தேவனஹள்ளியிலிருந்து ஊருக்குள் போக ஒன்றரை மணி நேரம். காரிலேயே போனால் அதற்குள் சிக்பேட்டையில் காபி குடிக்கலாம். கார் வேண்டாம் என்றால் காட்பாடி போய் ரயில். 2022 நவம்பரில் விட்ட சென்னை–மைசூர் வந்தே பாரத் காட்பாடியில் நிற்கிறது. விமானம் போல 15 கிலோக் கணக்கும் இல்லை.

9. ஊர்த் திருவிழாக்களை விமான டிக்கெட்டோடு சேர்த்துப் பாருங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று விடியற்காலையிலேயே சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம்வரை ஜனம்தான். காந்தி ரோட்டுக்குள் கார் நுழையாது. மாசியில் காமாட்சி அம்மன் தேர், பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவம் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். 2019-ல் அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் கோயில் குளத்தைவிட்டு வெளியே இருந்தபோது ஊரில் வீட்டுக்குப் போவதே ஒரு பயணமாக இருந்தது. அடுத்தது 2059-ல்தான், அதுவரை வருஷாந்திரத் திருவிழாவுக்கு மட்டும் ஏற்பாடு போதும். அன்றைக்கு டாக்சியை வாசலுக்கு வரச் சொல்லாமல் பொன்னேரிக்கரைப் பக்கமோ ஓரிக்கைப் பக்கமோ நிற்கச் சொல்லி, பெட்டியை முதல்நாள் ராத்திரியே அங்கே தெரிந்தவர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

10. திங்கட்கிழமை கிழக்கே சூலம். விமான நிலையமும் நமக்குக் கிழக்கேதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஞாயிறு ராத்திரியே இந்தப் பேச்சு வரும். பரிகாரம் தயிர் என்பதால் வாதாடுவதைவிட ஒரு கரண்டி தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது சுலபம். விடிகாலை வெறும் வயிற்றில் காபியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல். திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது. மூன்று மணிக்குக் கிளம்புகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியவருக்கு பழைய வழி ஒன்று இருக்கிறது: நல்ல நேரத்திலேயே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுவைத்து பரஸ்தானம் செய்துவிடுவது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பெட்டி ராத்திரியே கட்டி முடிந்துவிடும் என்பது இதில் கைமேல் பலன்.

11. கட்டுச்சாதத்துக்குக் கோயில் இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி வேகவைக்கிற அதே குடலை இட்லிதான். சுக்கு, மிளகு, சீரகம், நெய் எல்லாம் சேர்ந்திருப்பதால் சாதாரண இட்லி போல மதியத்துக்குள் ஊசிப்போகாது. விமானத்தில் விற்கும் சாண்ட்விச்சோடு ஒப்பிட்டுப் பேசுவதே பாவம்.

வீட்டு அளவு: பச்சரிசி ஒரு டம்ளர், புழுங்கலரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர். ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைத்து, சனி ராத்திரி உப்புப் போட்டு வையுங்கள். ஞாயிறு மாலை அரைக் கரண்டி புளித்த தயிர், ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை, காய்ச்சிய நெய்யும் நல்லெண்ணெயும். குடலை இல்லாத வீட்டில் உயரமான எவர்சில்வர் டம்ளரில் நெய் தடவி, அடியில் மந்தாரை இலைத் துண்டு போட்டு, முக்கால் அளவுக்கு ஊற்றி ஆவியில் வையுங்கள். தட்டு இட்லி போலப் பத்து நிமிடத்தில் வேகாது. இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். நடுவில் ஈர்க்குச்சி விட்டு ஒட்டாமல் வருகிறதா பாருங்கள்.

முக்கியமானது இனிமேல்தான். சூடாக டப்பாவில் அடைத்தால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டியே கெட்டுப்போகும். முழுக்க ஆறவிட்டு, வட்டமாக நறுக்கி, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் கெட்டியாகக் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாட்டிய வாழையிலையில் மடித்துவிடுங்கள். சட்னி, சாம்பார் என்று திரவம் எதுவும் இல்லாததால் சோதனையில் கேள்வியும் இல்லை, புடவைமேல் சிந்தும் என்கிற பயமும் இல்லை. ஆனாலும் இலைப் பொட்டலம் புடவைப் பைக்குள் போகக்கூடாது. எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டால் பட்டு மன்னிக்காது.

12. கடைக்காரர் வீட்டுக்குப் பிரசாதம் கொடுத்தனுப்பும் பழக்கம் நல்லதுதான். குங்குமம், விபூதி, உலர்ந்த பிரசாதம் தாராளமாகப் போகும். கொப்பரைக்கு விமானத்தில் அனுமதி இல்லை. எண்ணெய்ச் சத்து, தீப்பிடிக்கும் என்கிறார்கள். சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோகவே சீசனுக்கென்று தனியாகச் சலுகை தர வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குங்குமத்தைக் காகிதத்தில் மடிக்காமல் திருகு மூடி டப்பியில் போட்டு, அதையும் புடவைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

13. ஓடிபி. ஊரில் பாதிப் பேர் வீட்டில் வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி, கேஸ் புக்கிங் எல்லாமே ஒரே ஒரு போன் நம்பரில். அந்தப் போன் முப்பதாயிரம் அடி உயரத்தில் அணைந்து கிடக்கும்போது வீட்டில் எதுவும் ஓடாது. மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 பதினொன்றாம் தேதி, 3பி இருபதாம் தேதி. அந்த இரண்டு நாளோ, அவற்றுக்கு முந்தின நாளோ பறக்க வேண்டியிருந்தால் கணக்கரிடம் முன்கூட்டியே முடிக்கச் சொல்லுங்கள். கேஸ், கரன்ட் பில் போன்றவற்றை வீட்டில் இருப்பவர் நம்பருக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது.

14. நெசவாளர் கூலி. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவர் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்த புடவையை அறுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை வந்து நிற்பார். "அவர் ஊரில் இல்லை, வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லி அனுப்புவது சரியில்லை. கிளம்புமுன் தறி வாரியாக யார் யார் இந்த வாரம் புடவை அறுப்பார்கள் என்று கேட்டு, உறையில் பெயரும் தொகையும் எழுதிப் பணம் வைத்துவிட்டுப் போகட்டும். புடவையை வாங்குகிறவர் வீட்டு வாசல் வெளிச்சத்தில் பிரித்து, கோர்வை சேரும் இடத்தையும் முந்தானை பிட்னியையும் பார்த்து, நோட்டில் தேதி போட்டு வாங்கினால் போதும். நுணுக்கமான குறை நிறை பேச்சு வெள்ளிக்கிழமை. கூலி அன்றைக்கே. அமாவாசைக்குப் பல தறிகள் ஓடாது, அதையும் கணக்கில் வைத்து கடைக்காரரிடம் தேதி சொல்ல வேண்டும்.

15. ஐப்பசி, கார்த்திகையில் திரும்பும் டிக்கெட்டைக் கடைசி விமானத்துக்குப் போடாதீர்கள். மிக்ஜாம் புயலில் 2023 டிசம்பர் 4-ம், ஃபெஞ்சல் புயலில் 2024 நவம்பர் 30-ம் சென்னை விமான நிலையத்தை மூடும்படி ஆனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோது அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட்டார்கள். நமக்குத் திரிசூலத்தைவிட அது பாதித் தூரம் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. பரந்தூரில் விமான நிலையம் வந்தால் இன்னும் பக்கம் என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். 2022-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஏகனாபுரத்து ஜனங்கள் ஏரியும் வயலும் போகிறதே என்று போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் மிச்சமாவதைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

போகிப் பண்டிகை காலை விமானத்தை மட்டும் எப்படியாவது தவிர்த்துவிடுங்கள். பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதையே தெரியாது.

16. சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் திண்டாட்டம்; சரக்கு அறையின் குளிரும் அதற்கு ஆகாது. விமானத்துக்குள் காற்று வறண்டிருக்கும். காபியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். சளி பிடித்திருக்கும்போது இறங்குகையில் காது அடைக்கும், சூயிங்கம் இல்லையென்றால் ஏலக்காய் இரண்டு வாயில் போட்டு மென்று விழுங்கிக்கொண்டே இருந்தாலும் போதும்.

17. பெட்டி வரவில்லையா, வந்த பெட்டி உடைந்திருக்கிறதா, பெல்ட் இருக்கும் கூடத்தைவிட்டு வெளியே வராதீர்கள். அங்கேயே விமான கம்பெனி மேசையில் எழுதிக்கொடுத்து நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள்ளும் வெளியிலும் பெயர், போன் நம்பர், மூடுமுன் போனில் ஒரு படம்: இவ்வளவு இருந்தால் பேச்சு நீளாது.

18. ஆடியில் நம் ஊர்க் கடைகளில் கல்யாண வியாபாரம் மந்தம். பெரும்பாலும் ஆடி முடியுமுன்பே தெலுங்கர்களுக்குச் சிராவணம் பிறந்து, வரலட்சுமி விரதமும் கல்யாணமுமாக ஹைதராபாத், விஜயவாடா களைகட்டும். அந்த வாரங்களுக்கான டிக்கெட்டை ஆனியிலேயே எடுத்துவிடுங்கள். கொல்கத்தாவுக்குத் துர்கா பூஜைக்கு ஒன்றரை மாதம் முன்னால்.

19. வெள்ளி ராத்திரி வந்த பெட்டியைச் சனிக்கிழமை காலையில் திறந்தாக வேண்டும், ஞாயிறுவரை விடக்கூடாது. சலான் படியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். திரும்பி வந்த புடவைகளை நிழலில், மின்விசிறி காற்றில் ஒரு மணி நேரம் விரித்துவிட்டு, பழைய மடிப்பில் மடிக்காமல் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் ஊர் ஊராகப் போனால் அந்தக் கோட்டில் பட்டு இற்றுவிடும். நான்கு ஊர் சுற்றியும் விலைபோகாத புடவையை ஐந்தாவது வாரம் பெட்டியில் வைக்காமல் காந்தி ரோட்டுக் கடைக்கே தள்ளிவிடுங்கள்.